மடிக்கும் இ-பைக்கும் எலிசபெத் லைனும்: லண்டனில் வேலைக்குப் போக ஒரு வழிகாட்டி

வீடு ஈஸ்ட் ஹாமில், வேலை ஹேய்ஸில். லண்டனின் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மேனர் பார்க்கில் ஏறி, நேராகப் போகும் எலிசபெத் லைன் ரயிலாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் ஹேய்ஸ் அண்ட் ஹார்லிங்டனில் இறங்கிக்கொள்ளலாம், நடுவில் மாற வேண்டியதில்லை. ரயிலில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நேரத்தையும் பொறுமையையும் தின்றவை அதன் இரண்டு முனைகள்தான். காலையில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு இரண்டரை கிலோமீட்டர், அந்தப் பக்கம் இறங்கியதும் கிடங்கு வரை இன்னொரு மூன்று கிலோமீட்டர். இரண்டுக்கும் பஸ், இரண்டுக்கும் காத்திருப்பு. ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஒரு பஸ் தவறினால் ரயில் தவறும், ரயில் தவறினால் ஷிஃப்ட் தவறும்.

மடிக்கும் இ-பைக், அதாவது பேட்டரியும் மோட்டாரும் உள்ள மடிப்புச் சைக்கிள், வாங்கியபின் அந்த இரண்டு முனைகளும் தலா பத்துப் பதினைந்து நிமிடமாகச் சுருங்கிவிட்டன. அதைவிடப் பெரிய விஷயம், எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று எனக்கே தெரிகிறது. வேலையிடத்தில் நம்மவர்கள் பலரும் என்னிடம் கேட்டுக் கேட்டு வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோரிடமும் வாயால் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: சைக்கிளைப் பார்க்காதீர்கள், பாதையை நடந்து பாருங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். நானும் அதையேதான் கேட்டேன். ஆனால் ரயிலோடு சேர்த்து ஓட்டுபவருக்கு அந்தக் கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வர வேண்டும். முதல் கேள்வி: இதை நான் எத்தனை படி தூக்க வேண்டும்?

ஒரு நாள் வழக்கமாக வேலைக்குப் போகும்போது எண்ணிக்கொண்டே போங்கள். உங்கள் வீட்டு மாடிப்படி எத்தனை, ஸ்டேஷன் வாசலிலிருந்து பிளாட்ஃபாரம் வரை எத்தனை, லிஃப்ட் எந்த மூலையில் இருக்கிறது, இறங்கும் ஸ்டேஷனில் எப்படி, வேலையிடத்தில் வைக்கும் அறை எந்த மாடியில். மடிக்கும் இ-பைக் என்றால் பேட்டரியோடு சேர்த்துப் பெரும்பாலும் 16 முதல் 24 கிலோ வரை. ஊரில் ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மாடி ஏறுவது வேறு, தினமும் இரண்டு வேளை, வேலை முடிந்து களைத்த உடம்போடு, கூட்டத்துக்கு நடுவில் ஏறுவது வேறு.

நான் முதலில் வாங்கியது 24 கிலோ வண்டி. தனிநபர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன், பேட்டரி பெரியது, விலையும் மலிவு. மூன்றாவது வாரத்தில் ஒரு ஸ்டேஷனில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு அடுக்குப் படிக்கட்டு. பாதியில் நின்று, மூச்சு வாங்கி, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு, மேலே வந்து சேர்ந்தபோது மணிக்கட்டு பிடித்துக்கொண்டது, அன்று ஷிஃப்டுக்கு இருபது நிமிடம் தாமதம். இரண்டு மாதத்தில் அந்த வண்டியை நட்டத்துக்கு விற்றேன். இப்போது வைத்திருப்பது 17 கிலோ, அதிலும் பேட்டரியைக் கழற்றிவிட்டால் 14க்குப் பக்கம். அந்த ஏழெட்டுக் கிலோ வித்தியாசம்தான் தினமும் ஓட்டுவதற்கும் வீட்டு மூலையில் சாத்தி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல் வெளியிடும் ரயில் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நீல வட்டத்துக்குள் வெள்ளைக் குறி என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியே இல்லை. வெள்ளை வட்டத்துக்குள் நீலக் குறி என்றால் பிளாட்ஃபாரம் வரை படியில்லை, ரயிலில் ஏறும் இடத்தில் உயரமோ இடைவெளியோ இருக்கும். எலிசபெத் லைனின் 41 ஸ்டேஷன்களிலும் பிளாட்ஃபாரம் வரையாவது படியில்லாமல் போய்விடலாம். டிஎல்ஆர் என்ற இலகு ரயில் முழுவதும் அப்படித்தான். டியூப் எனப்படும் சுரங்க ரயிலின் பழைய ஆழமான பாதைகளில் பல ஸ்டேஷன்களில் இது கிடையாது.

இதனால்தான் சொல்கிறேன், பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷன்தான் உங்கள் ஸ்டேஷன் என்று முடிவு செய்யாதீர்கள். நடந்து போகிறவருக்குத்தான் ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல் என்பது பெரிய தூரம். இ-பைக்கில் அது ஐந்து நிமிடம். படிக்கட்டு உள்ள பக்கத்து ஸ்டேஷனைவிட லிஃப்ட் உள்ள தூரத்து ஸ்டேஷன் நல்லது, அதிலும் மாறாமல் போகும் ரயில் அங்கே நின்றால் யோசிக்கவே வேண்டாம். எனக்கு நடக்கும் தூரத்தில் ஈஸ்ட் ஹாம் டியூப் ஸ்டேஷன் இருக்கிறது, ஆனாலும் சர்ச் ரோடு முருகன் கோயில் கோபுரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு மேனர் பார்க்குக்குத்தான் போகிறேன்.

இரண்டாம் படி: விதிகள்

இதில் இரண்டு வகை, ரோட்டு விதி ஒன்று, ரயில் விதி ஒன்று.

ரோட்டில்: பிரிட்டனில் இ-பைக்குக்கு லைசென்ஸ், பதிவு, சாலை வரி, கட்டாயக் காப்பீடு எதுவும் வேண்டாம், 14 வயது ஆகியிருந்தால் போதும். ஆனால் அது சட்டம் சொல்லும் இ-பைக்காக இருக்க வேண்டும். பெடல் இருக்க வேண்டும், மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, மணிக்கு 15.5 மைல் வேகத்தில், அதாவது 25 கிலோமீட்டரில், மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். பெடல் மிதிக்காமல் கைப்பிடியைத் திருகினாலே பறக்கும் வண்டிகளையும், 500 வாட், 1000 வாட் என்று இணையத்தில் விற்பவற்றையும் சட்டம் மோட்டார் சைக்கிள் வகையில் சேர்க்கும். போலீஸ் பிடித்தால் வண்டியையே எடுத்துக்கொண்டு போவார்கள். விசாவில் இருப்பவர்கள் இந்தச் சிக்கலின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. நடைபாதையில் ஓட்டக் கூடாது. ஹெல்மெட் கட்டாயமில்லை, ஆனால் போடுங்கள். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், குளிர்காலத்தில் நமக்குப் போகும்போதும் வரும்போதும் இருட்டுதான்.

ரயிலில்: 2025 பிப்ரவரியில் ரேனர்ஸ் லேன் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் ஒரு இ-பைக் தீப்பிடித்தது. அதற்கு அடுத்த மாதம், மார்ச் 31 முதல், மடிக்க முடியாத இ-பைக்குகளை டிஎஃப்எல் தன் ரயில்களிலும் ஸ்டேஷன்களிலும் தடை செய்துவிட்டது. சாதாரண சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டி இ-பைக்காக மாற்றியவையும் இந்தத் தடையில் அடக்கம். மடிக்கும் இ-பைக்குக்கு மட்டும் அனுமதி உண்டு. கடையில் யாராவது "பெரிய சக்கரம் வாங்குங்கள், வசதியாக இருக்கும்" என்று மடிக்க முடியாததைக் காட்டினால், ரயிலில் ஏற்ற முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு ஓட்டும் தனியார் மின் ஸ்கூட்டருக்கு 2021 டிசம்பரிலிருந்தே தடை.

மடித்த சைக்கிளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். மோட்டார் இல்லாத சாதாரண முழுச் சைக்கிளைக்கூட வார நாட்களில் காலை 7:30 முதல் 9:30 வரையிலும் மாலை 4 முதல் 7 வரையிலும் கொண்டுபோக முடியாது. மடித்துவிட்டால் எந்த நேரமும் சரி. பஸ்ஸிலும் மடித்துக் கீழ்த்தளத்தில் வைக்கலாம், ஆனால் ஏற்றுவதும் மறுப்பதும் டிரைவரின் முடிவு, பஸ் நிறைந்திருந்தால் வாதாடாதீர்கள். டிஎஃப்எல் அல்லாத மற்ற ரயில்களில் போவதாக இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எதை வாங்குவது

கணக்குப் போட்டுப் பாருங்கள். என் பாதை ஒரு பக்கம் ஐந்தரை கிலோமீட்டர், போக வர பதினொன்று. பேட்டரியின் கொள்ளளவை வாட் அவர் (Wh) என்ற அளவில் சொல்வார்கள், 300 வாட் அவர் என்பது இந்த வகையில் சிறிய பேட்டரி. சமதளமான ஊரில் அதில் 25 முதல் 35 கிலோமீட்டர் ஓட்டலாம், அதாவது இரண்டு நாளுக்குத் தாராளமாகப் போதும். அப்படியிருக்க 100 கிலோமீட்டர் ஓடும் பேட்டரி எதற்கு? ஓட்டாத தூரத்துக்கான எடையைத் தினமும் படியில் சுமக்க வேண்டியிருக்கும். ரயிலோடு சேர்த்து ஓட்டுபவருக்குச் சிறிய பேட்டரிதான் நல்ல பேட்டரி.

சக்கரம் பெரும்பாலும் 16 அங்குலம் அல்லது 20 அங்குலம். 20 அங்குலம் குழி மேடுகளில் நிதானமாக ஓடும், ஆனால் மடித்தாலும் பெரிய மூட்டையாக இருக்கும். 16 அங்குலம் ஆடும், குழியில் இறங்கினால் முதுகுக்குத் தெரியும், ஆனால் மடித்தால் இரண்டு கால்களுக்கு நடுவில் நிற்கும். மேற்கு லண்டன் கிரீன்ஃபோர்டில் தயாராகும் பிராம்ப்டன்தான் மடிப்பில் இன்றைக்கும் சிறந்தது என்பது என் கருத்து. மடித்தால் சுமார் 60 சென்டிமீட்டர் சதுரம், 27 சென்டிமீட்டர் தடிமன். பேட்டரி முன்னால் ஒரு பை மாதிரிக் கழன்று வந்துவிடும், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கையில் பிடித்தால் எடை இரண்டாகப் பிரிந்துவிடும். விலை அதிகம், அதை மறைக்க முடியாது. விலை குறைந்த மற்ற வண்டிகளில் எதை எடுத்தாலும் மூன்று சோதனைகளைக் கடையிலேயே செய்யுங்கள். ஒன்று, நீங்களே மடியுங்கள், கடைக்காரர் மடித்துக் காட்டுவதைப் பார்த்து நம்பாதீர்கள். இரண்டு, மடித்த வண்டியை உருட்ட முடிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பெரிய ஸ்டேஷன்களில் லிஃப்ட் பிளாட்ஃபாரத்தின் ஒரு கோடியில் இருக்கும், எலிசபெத் லைன் ரயிலே 200 மீட்டருக்கு மேல் நீளம், உருளாத வண்டியென்றால் அவ்வளவு தூரமும் சுமைதான். மூன்று, ஒரு கையில் தூக்கிக்கொண்டு கடைப் படியை இரண்டு முறை ஏறி இறங்குங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

பழையது வாங்கினால் பேட்டரியின் வயதைக் கேளுங்கள், அந்த வண்டிக்கே உரிய சார்ஜரும் வாங்கிய ரசீதும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் தெரியாத பேட்டரியை வேறு எங்கிருந்தோ வாங்கி மாட்டியிருக்கும் வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நான்காம் படி: பணம்

பஸ் கட்டணம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். 2025இல் ஒரு பஸ் பயணம் 1.75 பவுண்டு, அதுவும் ரயிலோடு சேர்த்துப் போகும் நாளில் தினசரிக் கட்டண உச்சவரம்புக்குள் அடங்கிவிடலாம். வண்டியின் விலையை அந்த மிச்சத்தில் எடுக்கப் பல வருடம் ஆகும். இதில் லாபம் நேரம்தான். மின்சாரச் செலவு ஒரு முழுச் சார்ஜுக்குப் பத்துப் பென்ஸ் அளவில்தான்.

வேலையிடத்தில் சைக்கிள் டு வொர்க் திட்டம் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். 1999 முதல் இருக்கும் அரசுத் திட்டம் இது. முதலாளி வண்டியை வாங்கி உங்களுக்கு வாடகைக்குக் கொடுப்பதுபோல ஏற்பாடு, சம்பளத்தில் வரியும் தேசியக் காப்பீடும் பிடிப்பதற்கு முன்பே மாதத் தவணையைப் பிடித்துக்கொள்வார்கள். அடிப்படை வரி கட்டுபவருக்குத் தவணையில் சுமார் 28 சதவீதம் மிச்சமாகும், முடிவில் வண்டியைச் சொந்தமாக்க ஒரு சிறு தொகை கேட்பார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு ஆயிரம் பவுண்டு வரை என்ற எண்ணம் இருந்தது, 2019இல் வந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு அதைவிட விலை கூடிய இ-பைக்குகளையும் முதலாளி அனுமதித்தால் வாங்கலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவணை பிடித்தபின் உங்கள் ஊதியம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. அதனால் குறைந்தபட்சக் கூலியில் வேலை செய்கிறவர்கள் இதில் சேரவே முடியாது, சொந்தத் தொழில் செய்பவர்களும் முடியாது. விடிகாலை பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான் என்று தோன்றும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உங்கள் நிலைமை அதுவென்றால், மோட்டார் இல்லாத நல்ல மடிப்புச் சைக்கிளைப் பழையதாக வாங்குங்கள். 11, 12 கிலோதான் இருக்கும், லண்டனின் கிழக்குப் பகுதி பெரும்பாலும் சமதளம், மூன்று கிலோமீட்டருக்கு மோட்டார் இல்லாமலே போய்விடலாம்.

ஐந்தாம் படி: ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை

வாங்கிய மறுநாளே திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொண்டுபோய் இறங்காதீர்கள். வீட்டுக் கூடத்தில் இருபது முறை மடித்து விரியுங்கள். முதல்முறை மூன்று நிமிடம் ஆகும், இருபதாவது முறை அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுப் பாதையையும் ஒருமுறை போய் வாருங்கள். எந்தத் தெருவில் குழி, எந்தச் சிக்னலில் லாரி திரும்பும், லிஃப்டுக்கு எந்தப் பெட்டி பக்கம், எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஸ்டேஷன் வாசலில், உள்ளே நுழைவதற்கு முன்பே, ஓரமாக நின்று மடியுங்கள். மோட்டாரை அணைத்து, பேட்டரியைக் கழற்றித் தோளில் மாட்டுங்கள். அகலமான கேட்டில் போங்கள். எஸ்கலேட்டரைவிட லிஃப்ட் நல்லது, ஆனால் லிஃப்டில் சக்கர நாற்காலிக்காரரும் குழந்தை வண்டி தள்ளும் அம்மாவும் முதலில். ரயிலுக்குள் கதவுப் பக்கத்து மூலையில், சங்கிலியும் பல் சக்கரமும் சுவரைப் பார்த்து இருக்கும்படி வைத்து, முழங்காலால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தால் ரயில் பிரேக் போடும்போது அது யார் காலிலாவது போய் விழும். சக்கர நாற்காலி இடத்தில் வைக்கவே கூடாது. மழை நாளில் ஒரு மெல்லிய உறை போட்டு மூடுங்கள், பக்கத்தில் நிற்பவர் வெள்ளைச் சட்டையில் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம்.

பேடிங்டன் முதல் வைட்சேப்பல் வரையுள்ள புதிய ஸ்டேஷன்களில் பிளாட்ஃபாரமும் ரயிலும் ஒரே மட்டம், உருட்டிக்கொண்டே ஏறலாம். மேனர் பார்க், ஹேய்ஸ் போன்ற பழைய ஸ்டேஷன்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு படி அளவுக்குத் தூக்க வேண்டும். பார்த்து.

ஆறாம் படி: சார்ஜ்

இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். 2023இல் லண்டன் தீயணைப்புப் படை சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை இ-பைக் அல்லது மின் ஸ்கூட்டர் தீ விபத்துக்குப் போயிருக்கிறது. நம்மவர்கள் பலர் ஒரே வீட்டை நாலைந்து பேராகப் பகிர்ந்து வாழ்கிறார்கள், வண்டியை வைக்க இடம் வாசல் நடைதான். தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழியும் அதுதான். அதனால் நடையில், மாடிப்படிக்குக் கீழே, கதவுப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். தூங்கும்போது போடாதீர்கள், நிறைந்ததும் எடுத்துவிடுங்கள். கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, வீங்கியது, விசித்திரமாக நாற்றம் வருவது, அளவுக்கு மீறிச் சுடுவது, இவற்றை அதற்குப் பிறகு ஒருமுறைகூட சார்ஜ் போடக் கூடாது. குளிர்காலத்தில் வெளியிலிருந்து வந்ததும் உடனே சொருகாமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவையுங்கள். குளிரில் ஓடும் தூரமும் குறையும், அது கோளாறு இல்லை.

வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் இ-பைக் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வேலையிடத்தில் வண்டியை எங்கே வைக்கலாம், பேட்டரியை உள்ளே கொண்டுவரலாமா என்று மேலாளரிடம் வண்டி வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். சில இடங்களில் பேட்டரிக்கு அனுமதி இல்லை. வெளியே பூட்டி வைக்க வேண்டிய நிலைமை என்றால் நான் வாங்கவே வேண்டாம் என்பேன், மடிக்கும் சைக்கிளின் முதல் பாதுகாப்பு அது உங்கள் கண் முன்னால் இருப்பதுதான். எப்படியிருந்தாலும் வண்டியின் ஃபிரேம் எண்ணை பைக்ரெஜிஸ்டர் என்ற சைக்கிள் பதிவேட்டில் பதிந்துவையுங்கள்.

வழியில் பஞ்சர் ஆனால்? சிறிய சக்கரத்துக்குக் காற்று எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை பம்ப் வைத்துப் பாருங்கள், பாதிப் பஞ்சர்கள் அதிலேயே குறையும். மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்ற நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் வேண்டும், அது பையில் இருக்கட்டும். அதுவும் முடியாத நாளில் மடித்துப் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். ரயிலில் தடங்கல் என்று அறிவிப்பு வரும் நாட்களிலும் இதே வசதிதான். மேனர் பார்க்கில் ரயில் நின்றுபோனால் நான் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஓட்டிப்போய் அங்கே ஓடுகிற பாதையில் ஏறிக்கொள்வேன்.

கடைசியாக, இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: லீவுக்கு ஊருக்குப் போகும்போது இதை விமானத்தில் கொண்டுபோய்த் தம்பிக்குக் கொடுக்கலாமா? முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வாட் அவருக்கு மேல் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் பேட்டரியைக் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. நம்முடையது 300. தம்பிக்கு அங்கேயே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.